நாக்கால் கல் பொறுக்கியவள்

அஞ்சலாட்சிக்குச் சோறு போட்டது அவள் நாக்குதான். புதுச்சேரியின் கடலோரத் தெருக்களில் பழைய வீடுகளை இடித்து ஓட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. இடித்த செங்கல் லாரி லாரியாக ஊரோரத்து மேட்டுப்பாளையத்தில் இருந்த கிடங்குக்கு வரும். பழைய கல்லில் வீடு கட்டினால் பூமிக்கு நல்லது என்று சொல்லி வாங்க ஒரு கூட்டம் கிளம்பியிருந்தது. நல்ல வீட்டை இடித்துவிட்டு, கல்லைக் காப்பாற்றிவிட்டோம் என்று பெருமைப்படுகிற கூட்டம்.

கடல் காற்றில் நூறு வருஷம் நின்ற கல்லில் உப்பு ஏறியிருக்கும். பார்வைக்குத் தெரியாது. மறுபடி சுவரில் வைத்தால் இரண்டு மழைக்காலத்தில் உள்ளுக்குள்ளேயே மாவாக உதிரும். அஞ்சலாட்சி கல்லின் ஓரத்தைத் தட்டி, உடைந்த இடத்தை நுனிநாக்கில் வைப்பாள். கரித்தால் பள்ளம் நிரப்பப் போகும், கரிக்காவிட்டால் விலைக்குப் போகும். பத்து வருஷத்தில் அவள் தேர்ந்த கல்லைப் பற்றி ஒரு புகார் வந்ததில்லை. யாரையும் மதிக்காத மேஸ்திரி ஆதிமூலமே அவளை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார்.

இரண்டாயிரத்து ஆறில் ஊரையே முடக்கிய சிக்குன்குனியா அவளையும் விடவில்லை. ஒரு மாதம் கழித்து எழுந்தபோது மூட்டெல்லாம் வலி. நாக்கில் ருசி சுத்தமாக இல்லை. கல் உப்பை வாயில் அள்ளிப் போட்டுப் பார்த்தாள், மணலை மெல்லுவதுபோல் இருந்தது. வெளியே சொன்னால் சுமை தூக்க அனுப்புவார்கள், அதற்கு முழங்கால் இடம் கொடுக்காது. வீட்டில் புருஷன் கிருஷ்ணசாமி வாதத்தில் விழுந்து கிடக்கிறான், அவனுக்கு அவளை விட்டால் நாதியில்லை. சொல்லாமல் இருந்துவிட்டாள். வழக்கம்போல் கல்லை நாக்கில் வைப்பாள், பிறகு நிறத்தைப் பார்த்து உத்தேசமாகப் பிரிப்பாள்.

அப்போதுதான் ஜெயம் வந்து நின்றாள். கிடங்கில் கல் சுமக்கிறவள், தினமும் மத்தியானம் தன் தூக்குவாளியிலிருந்து அஞ்சலாட்சிக்குக் குழம்பு ஊற்றுகிறவள்.

"அரியாங்குப்பத்துல ஒரு ரூம்பு கட்றோம்க்கா. கல்லு நீதான் பொறுக்கித் தரணும். வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்."

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பக்கத்தில் ஆதிமூலம் நின்றிருந்தார்.

"அதுக்கென்னடி, பொறுக்கித் தர்றேன்" என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து, கார்த்திகை அடைமழையின் நாலாம் நாள் காலையில், அந்தப் புது ரூமின் சுவரோரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஜெயத்தின் புருஷன் அரிகிருஷ்ணன்மேல் சுவர் அப்படியே சரிந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் உயிர் போய்விட்டது.

காரியத்தன்று அஞ்சலாட்சி போனபோது, அந்தக் கல்லை ஏற்றிவந்த லாரி டிரைவர் தணிகாசலத்தைச் சொந்தக்காரர்கள் சட்டையைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். அவன் உதடு கிழிந்திருந்தது.

"அக்கா குடுத்தது நல்ல கல்லு. வழியில இவன்தான் மாத்திட்டான்" என்ற ஜெயம், இடிபாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். "நீயே நாக்குல வச்சு இவங்களுக்குச் சொல்லுக்கா."

அஞ்சலாட்சி வாங்கி நாக்கில் வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. கரிக்குது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தணிகாசலத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் துண்டைக் கீழே வைத்தாள்.

"அவனை வுட்டுடுங்க. எனக்கு ருசி செத்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுது. உனக்கு நான் கண்ண மூடிக்கிட்டுத்தான் பொறுக்கினேன் ஜெயம்."

யாரோ அவளை அடிக்கப் பாய்ந்தார்கள். ஜெயம் தடுத்தாள். அஞ்சலாட்சியின் வாயையே பார்த்தாள்.

"கல்லு வாங்கறதுக்கு மொத நாளு கொழம்புல உப்பு போட மறந்துட்டேன். நீ நல்லா இருக்குன்னு வழிச்சுத் தின்னே. என் மனசு நோவக் கூடாதுன்னு சொல்றியாக்கும்னு நெனச்சேன்க்கா" என்றாள்.