அக்கா இங்கிலீஷில் கேட்ட கேள்வி

எங்கள் அக்கா மறைந்து ஓர் ஆண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், பாம்பூஃப்ளாட் அக்கம்பக்கத்தாருக்கும் என் வணக்கம். கருமாதியன்று அக்காவைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி என்னைக் கேட்டீர்கள். எழுந்து நின்றேன். பேச்சு வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் அக்காவின் மகள் தேவி திருத்துவாள். எழுத்தை மட்டும் திருத்து, நடந்ததைத் திருத்தாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அக்கா இலங்கை மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் படித்தார். நான் பிறந்த பிறகு என்னைப் பார்த்துக்கொள்வதற்காக அந்தப் படிப்பும் நின்றது. பிறகு இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் எங்கள் குடும்பத்துக்கு இந்தியா என்று எழுதியாகிவிட்டது. கப்பலில் ஏறி மண்டபம் முகாமுக்கு வந்தோம். அங்கிருந்து இன்னொரு கப்பலில் இந்த அந்தமான் தீவுகளுக்கு வந்தோம். நிக்கோபாரைச் சேர்ந்த கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் எங்களை இறக்கினார்கள். அக்காவுக்கு அப்போது பாவாடை தாவணி வயது. கொழுந்து கிள்ளிய கையில் பால் வெட்டும் கத்தியைக் கொடுத்தார்கள். அக்கா சீக்கிரமே பழகிக்கொண்டார். பட்டையில் காயம் படாமல் வெட்டுவார் என்று மேஸ்திரி சொல்வார்.

அதே தோட்டத்தில் வேலை செய்த அத்தானைக் கட்டிக்கொண்டார். தேவி பிறந்தாள், அவளுக்குப் பின் இரண்டு ஆண் பிள்ளைகள். தேவி நன்றாகப் படித்ததால் போர்ட் பிளேரில் விடுதியில் சேர்த்தார்கள். அதனால்தான் அவள் இருக்கிறாள்.

சுனாமி வந்த காலையில் நானும் அக்காவும் மேட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமைதான். மழையில் தவறிய வெட்டுக்காகப் போயிருந்தோம். நிலம் ஆடியது. மரங்களில் கட்டியிருந்த சிரட்டைகளிலிருந்து பால் கொட்டியது. அத்தானும் பிள்ளைகளும் கரைப் பக்கம் வீட்டில் இருந்தார்கள். நாங்கள் இறங்கி வந்தபோது வீடும் இல்லை, வீடு இருந்த தரையும் இல்லை. மூவரின் உடலும் கிடைக்கவில்லை. இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு வராது.

கொஞ்ச காலம் நிவாரண முகாமில் இருந்தோம். பிறகு பாம்பூஃப்ளாட்டில் தகர வீடு போட்டுக்கொண்டோம். அக்கா ஒரு காண்ட்ராக்டரின் ஆட்களுக்குச் சமைத்துப் போட்டு தேவியைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். நான் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன்.

அத்தனை வருடமும் அக்கா அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் எந்தக் காரியமும் செய்யவில்லை. பொட்டும் தாலியும் அப்படியே இருந்தன. உறவினர்களில் சிலர் முகத்துக்கு நேராகவே கேட்டீர்கள். அக்கா சண்டை போடவில்லை. "கண்ணால பாக்கல. பாக்காததுக்கு நான் எப்படி அழுவுறது?" என்று மட்டும் சொல்வார்.

வயிற்றில் நோய் வந்த பிறகுதான் மனம் மாறினார். ஒரு நாள் சோறு வடித்துக்கொண்டே சொன்னார். "தம்பி, கச்சாலுக்கு ஒரு தடவை போகணும். நான் போயிட்டா அந்த மூணு பேருக்கும் ஒரு பிடி சோறு வைக்க ஆள் இல்ல. அந்த இடத்துலயே வைக்கணும்."

"தேவி வைப்பா. நான் வைப்பேன்."

"அவளை அந்தக் கடல்கிட்ட கூட்டிட்டுப் போகாத. நீ வச்சா உன் அத்தான் சாப்பிடுவாரா? உசுரோட இருந்தப்பவே உன் சமையலைத் திட்டினாரு."

இதைச் சொல்லி அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் அதை முடிவு செய்துவிட்டார் என்று தெரிந்தது.

தடையாக இருந்தது ஊசி. ஆஸ்பத்திரியில் பெரிய ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அது முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். முடித்துவிட்டு, உடம்பு தேறியதும் நிதானமாகப் போகலாம் என்று தேவி சொன்னாள். தேறும் என்றால் காத்திருக்கலாம். தேறாது என்றால் உடனே கப்பல் பிடிக்க வேண்டும். எது என்று அக்காவுக்குத் தெரிந்தாக வேண்டும். டாக்டர்கள் தேவியிடம் எல்லாம் சொல்லியிருந்தார்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று தேவி கேட்டுக்கொண்டாள். என்னிடமும் அவள் சொல்லவில்லை. சொன்னால் என் முகமே அக்காவுக்குச் சொல்லிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அவள் மீது யாரும் குறை சொல்ல வேண்டாம். தாயைப் பயமில்லாமல் வைத்திருக்க நினைத்தாள்.

அக்கா இந்தியில் டாக்டரைக் கேட்டார். "டீக் ஹோ ஜாயேகா, மாஜி" என்றார் அவர். நர்ஸைத் தமிழில் கேட்டார். அவரும் அதையேதான் சொன்னார், எல்லாம் சரியாகிவிடும் அம்மா என்று. பிறகு இருவரும் கட்டில் அருகிலேயே நின்று இங்கிலீஷில் வெகுநேரம் பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பெர்ரிப் படகில் அக்கா சொன்னார். "தமிழ்லயும் இந்தியிலயும் எல்லாரும் ஆறுதல் சொல்றாங்க. இங்கிலீஷ்லதான் நெசம் பேசுறாங்க. நானும் இங்கிலீஷ்லயே கேக்குறேன்."

தேவி அரசு வேலைத் தேர்வுக்குப் படித்த ஒரு சொற்பொருள் புத்தகம் வீட்டில் இருந்தது. இங்கிலீஷ் சொல், அதை எப்படிச் சொல்வது என்று தமிழ் எழுத்தில், பிறகு தமிழ்ப் பொருள், அதற்குக் கீழே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். அக்கா தமிழ் எழுத்தைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். பொழுது போவதற்கு என்று தேவியிடம் சொன்னார். அம்மாவுக்கு ஒன்றில் ஆசை வந்துவிட்டதே என்று தேவிக்கு அவ்வளவு சந்தோஷம். பக்கத்தில் உட்கார்ந்து உச்சரிப்பெல்லாம் சொல்லிக் கொடுத்தாள்.

பாம்பூஃப்ளாட்டிலிருந்து போர்ட் பிளேர் பக்கம் சாத்தத்துக்குப் போகும் பெர்ரியில்தான் அதிகம் படிப்பார். நான் பக்கத்தில் நின்று புத்தகத்தைப் பிடித்துக்கொள்வேன். அக்காவின் கைக்கு அது கனமாகிக்கொண்டு வந்தது. 'லேசி' என்று ஒரு சொல். சோம்பேறி என்று பொருள். 'மை பிரதர் இஸ் லேசி.' என் தம்பி ஒரு சோம்பேறி.

"இதை எழுதின ஆளுக்கு உன்னைத் தெரியும் போல" என்றார் அக்கா.

தினமும் எங்களோடு வரும் வங்காளி மீன்காரப் பெண், இந்த வயதில் என்ன பரீட்சை என்று இந்தியில் கேலி செய்தார். பெரிய பரீட்சை, பெயிலானால் திரும்ப எழுத முடியாது என்று அக்காவும் இந்தியில் பதில் சொன்னார். அந்தப் பெண் சிரித்துவிட்டு ஒரு பொட்டலத்தில் இரண்டு மீனை மடித்து அக்கா மடியில் வைத்தார்.

வேண்டிய வாக்கியம் முழுதாக ஓரிடத்தில் கிடைக்கவில்லை. 'ட்ரூத்' என்பதற்குக் கீழே, 'ப்ளீஸ் டெல் மீ தி ட்ரூத்' என்று இருந்தது. தயவுசெய்து என்னிடம் உண்மையைச் சொல்லுங்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டார். இன்னொரு பக்கத்தில், ரயில் இங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்ற வாக்கியத்தில் 'ஹவ் லாங்' இருந்தது.

"ரயிலே இல்லாத ஊருக்கு ரயில் வாக்கியம். பரவால்ல, முன்பாதி போதும்" என்றார்.

இரண்டையும் சேர்த்துப் பல நாள் சொல்லிப் பார்த்தார். அடுப்படியில் சொல்வார். வலி வரும்போதும் சொல்வார்.

அன்று தேவிக்கு வேலை இருந்ததால் நான் மட்டும் கூடப் போனேன். அதே டாக்டர்தான், சிறு வயதுக்காரர், வங்காளி. அவர் கட்டில் அருகே வந்ததும் அக்கா புடவையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டாக்டர், ப்ளீஸ் டெல் மீ தி ட்ரூத். ஹவ் லாங்?"

ஒரு பிழை இல்லை. தடுமாற்றமும் இல்லை. டாக்டர் கையிலிருந்த காகிதங்களைக் கீழே வைத்தார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவரை அவர் எங்கள் அருகில் உட்கார்ந்ததே இல்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். மெதுவாக, மரியாதையாக, வெகுநேரம் பேசினார். எல்லாம் இங்கிலீஷில். அக்கா அவர் முகத்தையே பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு முறை "எஸ்" என்றார். அவர் முடித்ததும் "தேங்க் யூ டாக்டர்" என்றார். டாக்டருக்குக் கண் கலங்கியிருந்தது. எழுந்து போய்விட்டார்.

"என்னக்கா சொன்னாரு?"

"நீதானே பக்கத்துல நின்ன."

"எனக்கு என்னா தெரியும்?"

"எனக்கும் தெரியல, தம்பி."

கேட்கத்தான் அக்கா படித்திருந்தார். பதில் அந்தப் புத்தகத்தில் இல்லை.

"இந்தியில ஒரு தடவை சொல்லச் சொல்றேன்" என்று நான் எழுந்தேன்.

"உக்காரு. இந்தியில கேட்டா மறுபடியும் டீக் ஹோ ஜாயேகாம்பாரு. இவ்வளவு நேரம் நெசம் பேசினாரு. அதைக் கெடுத்துடாத."

தேவியிடம் கேட்கலாமே என்றேன். "அவ அழுவா. அழுதுட்டு பொய் சொல்லுவா. அவளுக்கு ரெண்டு வேலை எதுக்கு?"

அவர் காதில் நின்றவை சில சொற்கள்தான். வீக்ஸ் என்றால் வாரங்கள் என்று அக்காவுக்குத் தெரியும். அதற்கு முன்னால் ஃபியூ என்று வந்ததாகச் சொன்னார். கோ என்றும் வந்தது. போகச் சொன்னாரா, போகாதே என்றாரா, அது தெரியவில்லை. திரும்பும் பெர்ரியில் ஃபியூவைத் தேடிக் கண்டுபிடித்தோம். சில என்று பொருள். 'தேர் ஆர் எ ஃபியூ மேங்கோஸ் இன் தி பாஸ்கெட்.' கூடையில் சில மாம்பழங்கள் இருக்கின்றன.

"சிலன்னா எத்தனை?" என்றார் அக்கா.

நான் ரெண்டோ மூன்றோ என்றேன்.

"ரெண்டு மூணு பழத்தை எவனாவது கூடையில போடுவானா? கையில புடிச்சிட்டு வந்துடலாம். கூடைன்னு சொல்றான். அஞ்சாறாவது இருக்கும்."

அது சரியாகத்தான் பட்டது. எனக்கு அதை மறுக்கத் தெரியவில்லை.

நான் ஃபீனிக்ஸ் பேயில் விசாரித்தேன். கச்சால் பக்கம் போகும் கப்பல் அடுத்த சில நாளில் ஒன்று இருந்தது. அதை விட்டால் ஒரு மாதம் கழித்து, ஊசி முடியும் சமயத்தில்தான் ஒன்று. அக்கா யோசித்தார். அஞ்சாறு வாரம் இருக்கிறது, ஊசியையும் முடித்துக்கொண்டால் கப்பல் படியேறத் தெம்பு வரும், தேவியோடும் மனஸ்தாபம் வராது. இரண்டாவது கப்பலுக்குச் சீட்டு எடுக்கச் சொன்னார். நிக்கோபாருக்குப் போக வேண்டிய அனுமதிப் பாஸுக்கு நானே ஆபீஸுக்குப் போய் நின்று பேசி வாங்கினேன். அக்காவுக்காகத்தான் அவ்வளவு பேசினேன். அத்தானுக்குப் பிடித்த கருவாடும், பிள்ளைகளுக்கு முறுக்கும் எடுத்துப்போக வேண்டும் என்று அக்கா சொல்லி வைத்தார்.

மூன்றாவது வாரத்தில் படுத்தவர் எழவில்லை. கடைசி நாட்களில் தமிழில்தான் பேசினார். கப்பல் வந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். அது உண்மைதான். கப்பல் வரும் முன்பே போய்விட்டார்.

இறப்புச் சான்று வாங்கப் போன அன்று அந்த டாக்டர் தேவியைக் கூப்பிட்டுப் பேசினார். தேவி வெளியே வந்து எனக்குத் தமிழில் சொன்னாள். "அம்மா கேட்டாங்களாம் மாமா. ரொம்ப நல்லா இங்கிலீஷ் பேசினாங்களாம். அதனால மறைக்க மனசு வரலன்னாரு. எங்கேயாவது போகணும்னா இந்த வாரமே போயிடுங்க, சில வாரத்துல எந்திரிக்க முடியாமப் போயிடும்னு தெளிவாச் சொன்னாராம். அம்மா தேங்க் யூ சொன்னாங்களாம். அவ்வளவு தைரியமான அம்மாவை நான் பாத்ததில்லைன்னாரு." பிறகு, "என்கிட்ட ஏன் மாமா கேக்கல?" என்றாள்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியாம்மா?"

அவள் சான்றை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அந்தக் கப்பல் வந்து போனது. நான் ஏறவில்லை. அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் இன்னும் யாரும் சோறு வைக்கவில்லை. அக்காவை முதல் கப்பலில் கூட்டிப் போகாமல் விட்ட பிறகு, அவர் இடத்தில் நான் போய் வைத்தால் அது அவர்களுக்குச் சேருமா என்று யாரிடம் கேட்பதென்றும் தெரியவில்லை.

அக்காவைப் பெர்ரியில் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கிய படகு ஊழியர்களுக்கும், கடைசி இரவுகளில் கூட இருந்த அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும், மடியில் மீன் வைத்த அந்த வங்காளி அம்மாவுக்கும், ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

டாக்டருக்கும் நன்றி. அக்கா கேட்டபோது உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவருக்கும் இந்த மலரில் ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்று தேவி சொல்கிறாள், கொடுக்கப்போகிறோம். அவருக்குத் தமிழ் தெரியாது. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் உங்களில் யாரையாவது கேட்டால், அக்காவைப் பற்றி நல்லவிதமாக எழுதியிருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். அவர் சொன்னதெல்லாம் அக்காவுக்குப் புரிந்தது என்றே அவர் நினைத்திருக்கட்டும்.