வெள்ளைப் பொடி

நாகர்கோவிலில் நான் ஆய்வு மாணவனாக இருந்த கல்லூரியில், அவர் எனக்குப் பக்கத்து மேசைக்காரர். ஒல்லியான உடம்பு, குழித்துறைப் பக்கத்துப் பேச்சு. எந்தக் கண்ணாடிக் குழாயைத் தொடுவதற்கு முன்னாலும், உலர்ந்த கையையே இன்னொரு முறை சட்டையில் துடைப்பார்.

நம் கடற்கரை மணலில் இருக்கிற தோரியத்தில் ஒரு சேர்மம் செய்து, ஈரம் போகச் சுட்ட அலுமினா என்ற வெள்ளைப் பொடியின்மேல் அதை ஒட்டவைத்திருந்தார். ஹைட்ரஜனை வேறு பொருளோடு சேரவைக்கும் வினையூக்கி அது. காற்றோ ஈரமோ பட்டால் செத்துவிடும் என்று குழாயில் இறுக மூடியே வைத்திருப்பார்.

"ஒட்டுனதெல்லாம் வேல செய்யாது மக்கா. நூறுல நாலஞ்சுதான் செய்யும். அதுக்குத்தான் இந்தக் காவல்" என்பார்.

மழை பெய்த ஒரு மத்தியானம், என்னுடைய வெறும் அலுமினா என்று நினைத்து அவருடைய குழாயைத் திறந்துவிட்டேன். இரண்டும் ஒரே வெள்ளை. குழாயில் ஒட்டியிருந்த அவர் பெயர்ச் சீட்டைப் பார்த்ததும் பதறி மூடினேன். பொடியில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அதனால் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம்வரை அதில் ஹைட்ரஜனைச் செலுத்திப் பார்த்தார். வாயு செலவானால் அழுத்தமானியின் முள் இறங்க வேண்டும். இறங்கவில்லை. அவருடைய எட்டு மாத உழைப்பு அது.

"நீ தொறந்தியா மக்கா?"

"இல்லண்ணே."

"அப்ப எனக்க கைதான். ஈரக்கை."

குறிப்பேட்டிலும் தன் பிழை என்றே எழுதினார். அந்த மாதத்தோடு ஆய்வை விட்டுவிட்டார்.

விடைபெறும்போது எனக்குக் கைகொடுத்தார். அதற்கு முன்னால் கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டார்.