சித்தி படி போட்ட பிள்ளைகள்

என் சித்தி இருபத்திரண்டு வருடமாக ஒரே கேள்விக்குப் பிள்ளைகள் சொன்ன பதில்களைப் படித்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறை அவளுடையது. ஒரு மேசை, கால் ஆடும் நாற்காலி, சுவர் முழுக்க இரும்பு அலமாரி. ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அவள் வீட்டில் வந்து இறங்கிய நான், மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போய்வர ஆரம்பித்தேன். வீட்டில் சும்மா கிடப்பதற்கு அது மேல்.

கேள்வி இதுதான். பாதி வழியில் ஒரு பேருந்துப் பயணிக்கு நெஞ்சுவலி. மருத்துவமனை வேறு திசையில் இருக்கிறது. தடத்தை விட்டு விலகினால் ஓட்டுநருக்கு வேலை போய்விடும். அவர் என்ன செய்ய வேண்டும்? ஏன்?

"என்ன செய்யணும்னு எதை வேணா சொல்லட்டும்டி. ஏன்னு ஒண்ணு சொல்லுதுங்களே, அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்பாள் சித்தி. அந்தக் காரணத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை ஒரு படி போடுவதுதான் அவள் வேலை.

திரும்பக் கூடாது, மேலதிகாரி திட்டுவார் என்று ஒரு பிள்ளை சொன்னால் முதல் படி. திரும்பலாம், நாளைக்கு அந்த ஆள் இவருக்கு உதவுவார் என்றால் இரண்டு. நல்ல மனிதர் அப்படித்தான் செய்வார், நாலு பேர் மதிப்பார்கள் என்றால் மூன்று. விதி என்ற ஒன்று எதற்காக இருக்கிறது என்று யோசித்துச் சொன்னால் நான்கு. விதியையே நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டால் ஐந்து. ஐந்தைச் சித்தி மொத்தம் பதினொரு தடவைதான் போட்டிருக்கிறாள். "அதுலயும் ரெண்டு பேரு எங்கேயோ படிச்சதை ஒப்பிச்ச மாதிரி இருந்துச்சு."

அதே பிள்ளைகளைப் பத்து வயதிலும் பதினான்கிலும் பதினெட்டிலும் கேட்டிருந்தார்கள். வயது ஏற ஏறப் படியும் ஏறுகிறது, அநேகமாக யாரும் கீழே இறங்குவதில்லை என்பது ஆய்வை நடத்தும் பேராசிரியரின் முடிவு. அதைப் புத்தகமாக எழுதி அச்சுக்குக் கொடுத்திருந்தார்.

பதிலைப் படிப்பவருக்குப் பிள்ளையின் வயது தெரியக் கூடாது. தெரிந்தால் அளவு கெட்டுப்போகும். இந்த விஷயத்தில், பதில்களைத் தட்டச்சு செய்து தரும் டைப்பிஸ்ட் அக்கா கறார். பள்ளி, வகுப்பு, தேர்வு என்று வயதைக் காட்டிக்கொடுக்கும் எந்தச் சொல்லையும் தாளில் விடமாட்டாள். சித்தி போட்டதை இன்னொருவரும் தனியாகப் போட்டுப் பார்ப்பார். நூற்றுக்குத் தொண்ணூறு ஒத்துப்போகும். அதில் எல்லோருக்கும் பெருமைதான்.

மழை இல்லாத ஒரு வாரத்தில், பழைய பதில்கள் இருந்த கிடங்கு அறையில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. நனைந்த தாள்களை டைப்பிஸ்ட் அக்கா மின்விசிறிக்குக் கீழே உலர்த்தி, கைக்குக் கிடைத்த வெள்ளை அட்டைகளில் போட்டுவைத்தாள். அதில் பன்னிரண்டு, புதிதாக வந்த கட்டோடு கலந்து சித்தியின் மேசைக்கு வந்துவிட்டன. சித்தி பதினைந்து நாள் உட்கார்ந்து படி போட்டாள். ஆயிரக்கணக்கில் ஒரே கேள்விக்குப் பதில் படித்தவளுக்கு எல்லாம் ஒரே குரலாகத்தான் கேட்டிருக்க வேண்டும்.

தாள் எண்களைப் பதிவேட்டோடு ஒப்பிடப் போன டைப்பிஸ்ட் அக்கா சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"இதெல்லாம் நீங்க என்னிக்கோ போட்டு முடிச்சதுங்க. வேலை இல்லைன்னா சொல்லுங்க, நான் டைப் அடிக்க வேண்டிய ரெண்டு கட்டை அனுப்பறேன்."

"நல்லதுதான். பழசு என்ன போட்டிருக்கேன்? படிங்க, பாப்போம்."

டைப்பிஸ்ட் அக்கா ஒவ்வொன்றாகப் படித்தாள். நான்காவது எண்ணுக்குப் பிறகு சிரிப்பு நின்றது. பன்னிரண்டில் ஒன்பது ஒத்துப்போகவில்லை. அன்று நான்கு வாங்கிய பிள்ளை இப்போது இரண்டு வாங்கியிருந்தது. அன்று ஒன்று வாங்கியது இப்போது மூன்று.

சித்தி வெள்ளை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பழைய அட்டை என்ன கலரு?"

"பத்து வயசுக்கு ரோஸ், பதினாலுக்குப் பச்சை, பதினெட்டுக்கு நீலம். ஒண்ணோட ஒண்ணு கலந்துடக் கூடாதுன்னு நான்தான்..." டைப்பிஸ்ட் அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"யாரும் எனக்குச் சொன்னதில்ல" என்றாள் சித்தி. "ஆனா ரோஸ் அட்டையைத் திறந்தா கை தானா சின்ன நம்பர் எழுதும். பிள்ளைங்களைத்தான் படிக்கறேன்னு நெனச்சுட்டிருந்தேன்."

சரிபார்த்த அந்த இன்னொருவரும் அதே அட்டைகளைத்தான் பார்த்திருந்தார்.

டைப்பிஸ்ட் அக்காவுக்கு ஓய்வுபெற நான்கு மாதம் இருந்தது. "என் தலையிலதான் விடியும். குழாய் உடைஞ்சது இத்தோட போகட்டுங்க. யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள். சித்தி பன்னிரண்டு அட்டைகளையும் அடுக்கினாள்.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள்.

"விட்டுத் தொலையேன் சித்தி. இதை யாரு தேடிப் பிடிக்கப் போறா?"

"ஒருத்தரும் தேடமாட்டாங்க. நானாத்தான் போய்ச் சொல்லணும். அதாண்டி ரொம்ப அலுப்பா இருக்கு."

மறுநாள் காலையில் பேராசிரியர் அறைக்குப் போனாள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன், கதவு திறந்தே இருந்தது. அவர் கத்தவில்லை. பன்னிரண்டையும் இரண்டு முறை சரிபார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கலர் அட்டை யாரு யோசனை?"

"அட்டையை விடுங்க சார். அதைப் பாத்து நம்பர் போட்டது நான்."

"புஸ்தகம் அச்சுக்குப் போய் மூணு வாரம் ஆச்சு. இப்ப வந்து ஏம்மா சொல்றீங்க?"

"பயமா இருக்கு சார். பின்னால எவனாவது கண்டுபிடிச்சா காறித் துப்புவான்."

"முதல் படி" என்றார் அவர், பழக்க தோஷத்தில்.

"ஆமா சார். அதுல சந்தேகமே இல்ல."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நீளவில்லை. அவர் அச்சகத்துக்குத் தொலைபேசி செய்து வேலையை நிறுத்தச் சொன்னார். மறுமுனையில் இருந்தவரிடம் அதே வாக்கியத்தை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

"எல்லாத்தையும் வெள்ளை அட்டையில போட்டுக் கொடுங்க சார். நான் முதல்லேர்ந்து போட்டுத் தர்றேன்."

"நீங்க போட்டதை நீங்களே திருத்தினா யாரும்மா நம்புவாங்க? வேற ரெண்டு பேரை எடுக்கணும். அவங்களுக்குக் கத்துக்கொடுங்க. தாளை மட்டும் இனிமே தொட வேண்டாம்."

இதை மட்டும் சித்தி எதிர்பார்க்கவில்லை. வேலை போகும், திட்டு விழும், தாள்கள் எல்லாவற்றையும் கண் எரிய மறுபடி படிக்க வேண்டும் என்று அவள் எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருந்தாள். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பின் வாரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

இப்போது இரண்டு மாதம் ஆகிறது. புதிதாக வந்த இருவரும் மாடியில் உட்கார்கிறார்கள். எது இரண்டு, எது மூன்று என்று காலையில் ஒரு மணி நேரம் சித்தி சொல்லிக்கொடுக்கிறாள். பிறகு தாள்கள் வரும், அவள் எழுந்து கீழே போய்விட வேண்டும். முதல் முப்பது பிள்ளைகளின் தாள்கள் முடிந்துவிட்டன. பிள்ளைகள் ஏறுகிறார்களா இறங்குகிறார்களா என்பது டைப்பிஸ்ட் அக்காவுக்குத் தெரியும். சித்தியிடம் சொல்லக் கூடாது என்பது பேராசிரியரின் கட்டளை.

நேற்று நடைபாதையில் டைப்பிஸ்ட் அக்கா அவளை நிறுத்தினாள். "நீங்க கேட்டா சொல்லிடுவேங்க. என்னைக் காப்பாத்துனீங்க."

"வேண்டாங்க" என்றாள் சித்தி. "தெரிஞ்சா நாளைக்கு வகுப்புல அந்த ரெண்டு பேருக்கும் என் மூஞ்சி காட்டிக்கொடுத்துடும்."

கீழ் அறைக்கு வந்து காலி அலமாரியைத் துணியால் துடைத்தாள். நான் கொண்டுபோன சாப்பாட்டில் பாதியைச் சாப்பிட்டாள். மூன்று மணிக்கெல்லாம் செய்ய எதுவும் இல்லாமல், "வா, போலாம்" என்று பையை எடுத்தாள்.