வைகாசிப் பௌர்ணமியில் கயா

அம்மாவை எங்கள் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சைகோன்காரி என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அப்பா அவளைச் சைகோனில் கட்டிக்கொண்டு, பணி முடிந்ததும் என்னையும் சேர்த்துப் புதுச்சேரிக்கு அழைத்து வந்துவிட்டார். அண்ணன் வரவில்லை. அவனும் அங்கேயே பட்டாளத்தில் சேர்ந்திருந்தான். அங்கே பிரெஞ்சுக்காரர்களுக்கு நடந்துகொண்டிருந்த சண்டை முடியப்போகிற சமயத்தில் அவனைக் காணவில்லை என்று ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். செத்தான் என்றும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. 'காணவில்லை' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் இன்றைக்கும் நாலு அறை விடுவேன்.

அம்மா அந்தச் சொல்லையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். புத்தர் ஞானம் பெற்ற மரத்தடியில் போய்க் கேட்டால் பிள்ளை வந்துவிடுவான் என்று நம்பினாள். புத்தருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறாவது ஆண்டு என்று எங்கே பார்த்தாலும் பேச்சாக இருந்த வருஷம் அது. கோயில் குளம் என்றால் இருந்த இடத்தைவிட்டு அசையாத அப்பா, அவள் கேட்ட உடனே சரி என்றார். எனக்குத்தான் நம்ப முடியவில்லை.

ரயில் மாறி மாறிப் போய்க் கயாவில் இறங்கி, அங்கிருந்து குதிரைவண்டியில் புத்தகயா சேர்ந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. நம்மூர்க் கோபுரங்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் கோயில் விசித்திரமாக இருந்தது. சிலைக்கூட்டம் இல்லாமல் நெட்டுக்குத்தாக மேலே போய்க்கொண்டே இருந்தது. சுற்றிலும் இருந்த கல் வேலியில் செதுக்கியிருந்த தாமரைகள், எத்தனையோ காலத்துக் கைகள் பட்டுத் தேய்ந்து மழுங்கியிருந்தன. திபெத்துக்காரர்கள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து, மறுபடி விழுந்து, அப்படியே கோயிலைச் சுற்றினார்கள். இது அந்தப் பழைய மரம் இல்லை, அதன் வழியில் வந்த மரம் என்று ஒருவர் விளக்கியபோது எனக்குச் சப்பென்று போய்விட்டது. அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. பேரன்கிட்ட சொன்னா தாத்தா காதுல விழாதா என்றாள்.

பௌர்ணமியன்று காலையில், திரும்புகிற டிக்கெட்டை விசாரித்துவிட்டு வருகிறேன் என்று அப்பா மட்டும் கயா டவுனுக்குக் கிளம்பினார். நானும் அம்மாவும் மரத்தடியில் இருந்தோம். நெற்றி தரையில் பட விழுந்த அம்மா வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. அவள் பாஷையில் அண்ணன் பெயரை முணுமுணுப்பது மட்டும் எனக்குக் கேட்டது. எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது. வந்துடுவான் என்று என்னிடம் சொன்னாள். அன்றைக்கு நானும் நம்பினேன். மத்தியானம் திரும்பிய அப்பாவுக்குக் கண் சிவந்திருந்தது. வண்டிப் புழுதி என்றார்.

நாங்கள் ஊர் திரும்பியபோது பண்ருட்டிப் பலாப்பழம் பெரிய மார்க்கெட்டில் மலையாகக் குவிந்து கிடந்தது. அப்பா பலாச்சுளைக்கு உயிரை விடுவார். அம்மா ஒரு பழம் வாங்கி, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை சுளையாக எடுத்துத் தட்டில் வைத்தாள். அப்பா தொடவில்லை. வயிறு சரியில்லை என்றார். அடுத்த வாரமும் அதே வயிறு, அதே பதில். அம்மா கவலைப்பட்டுப் பக்கத்துவீட்டு அக்காவிடம் மருந்து கேட்டாள். அந்த அக்கா சிரித்துவிட்டார்.

"மருந்து எதுக்கு? கயாவுக்குப் போனீங்கல்ல. அங்க பிண்டம் போட்டா, புடிச்ச பழம் ஒண்ண விட்டுட்டு வரணும். அவரு பலாப்பழத்த விட்டுட்டாரு போல."

தாத்தாவுக்கும் பாட்டிக்கும் போட்டிருப்பார் என்று அவசரமாக அம்மாவிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். வீட்டுக்குள் போய் அப்பாவின் எதிரே உட்கார்ந்தாள்.

"யாருக்குப் போட்டீங்க?"

என்னைப் பெத்தவங்களுக்கு என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு, "அவனுக்கும்தான்," என்றார். "நானும் பட்டாளத்துல இருந்தவன். எத்தினி பேரு வீட்டுக்குக் காணோம்னு சொல்லி அனுப்பியிருக்கோம். ஒருத்தன்கூடத் திரும்பல. புள்ள பட்டினியா அலையக் கூடாதுன்னு போட்டேன்."

அவள் கத்தவேண்டும், அந்தப் பலாச்சுளைத் தட்டைத் தூக்கி எறியவேண்டும் என்று எனக்கு இருந்தது. நானாயிருந்தால் எறிந்திருப்பேன். நாங்கள் அவனைக் கேட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், சொல்லாமல் போய் அவனைச் செத்தவனாக்கிவிட்டு வந்திருக்கிறாரே என்று அப்பாமேல் ஆத்திரம் பொங்கியது. அம்மா மெதுவாகத்தான் கேட்டாள்.

"என்ன குடுத்தீங்க?"

"மாவு உருண்டை. எள்ளு."

"உப்பு?"

"அதுல போட மாட்டாங்க."

"உப்பு இல்லாம அவன் சாப்புட மாட்டானே," என்றாள். அண்ணனுக்காக அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். அப்பாவும் அழுதார். நான் யார் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் நின்றேன்.

செத்தவர்களுக்கு அவர்கள் போன நாளில் பிடித்ததைச் சமைத்து வைப்பது அம்மாவின் ஊர்க்காரர்களுடைய வழக்கம். அண்ணனுக்கு அப்படி ஒரு நாள் எங்களுக்குத் தெரியாது. அடுத்த வைகாசியில் பௌர்ணமியன்று விடியற்காலையிலேயே அம்மா மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்தாள். சோறு வடித்து, குழம்பில் உப்பைத் தூக்கலாகப் போட்டு, அவன் பெயரைச் சொல்லி வைத்தாள். மரத்தடியில் விழுந்து அவனை அனுப்பு என்று கேட்டாளே, அந்த நாளையே அவனுடைய நாளாக வைத்துக்கொண்டாள்.