ஒரே பெட்டியில் விழுந்த தபால்

எங்கள் வீட்டுக்கு மின்னஞ்சல் மென்பொருள் தேர்ந்தெடுத்தபோது என் கருத்தையும் கேட்டார்கள். கேட்டதோடு சரி.

இரும்புலியூரில் அப்போது எங்களுக்கு டயல் அப் இணைப்பு. இன்டர்நெட் போட்டால் டெலிபோன் செத்துவிடும். நாத்தனார் எப்போது கூப்பிட்டாலும் எங்கேஜ்டு என்று மாமியாரிடம் புகார் வரும். அதனால் வீட்டிலிருக்கும் எல்லாருடைய அஞ்சலையும் ஒரே மூச்சில் இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டு, நிதானமாகப் படிக்கிற மாதிரி ஒரு மென்பொருள் வேண்டும் என்றார் என் கணவர். அவருக்கு ஆபீசுக்கு ஒன்று, சொந்தத்துக்கு ஒன்று என இரண்டு முகவரிகள். மாமனாருக்கு ஓய்வூதியர் சங்கத்துக்காக ஒன்று. எனக்கு ஒன்று.

கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சி.டி.யில் இரண்டு மென்பொருள்கள் இருந்தன. ஒன்றில் ஆளுக்குத் தனிப் பெட்டி, தனி பாஸ்வேர்டு. மற்றதில் எல்லா முகவரிக்கும் வருவது ஒரே பெட்டியில் விழும். ஒரு பட்டனைத் தட்டினால் போதும். நான் முதலாவதைச் சொன்னேன்.

"வீட்டுக்குள்ள எதுக்கு பாஸ்வேர்டு? நமக்குள்ள என்ன ரகசியம்?" என்றார் அவர்.

இந்தக் கேள்விக்கு எந்த மருமகளால் பதில் சொல்ல முடியும்? வாயைத் திறந்தாலே ஏதோ ரகசியம் இருக்கிறது என்று ஆகிவிடும். ஒரே பெட்டிதான் வந்தது.

என் மாமனார் அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வரும் தபால் யார் பெயருக்கு இருந்தாலும் அவர்தான் பிரிப்பார். படித்து, மூலையில் இனிஷியல் போட்டு, தேதி எழுதி, அதன் பிறகுதான் உரியவர் கைக்குக் கொடுப்பார். என் தோழியின் கல்யாணப் பத்திரிகைகூட அவர் இனிஷியலோடுதான் எனக்குக் கிடைத்தது. ஒரே பெட்டி வந்ததும் அவருக்கு ஆபீசே திரும்பி வந்துவிட்டது. காலையில் குளித்து, விபூதி பூசி, ஹாலில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அன்றைய தபாலைப் பார்ப்பார். பதில் போட வேண்டியதற்குப் போடுவார். முடிந்ததை அழித்துவிடுவார். எதுவும் தேங்கி நிற்கக் கூடாது அவருக்கு.

நான் அப்போது ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை. பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். முதுகலை முடித்ததிலிருந்து நான் மனசார ஆசைப்பட்ட ஒரே வேலை அதுதான். நேர்முகத்துக்கு மின்னஞ்சலில் கூப்பிடுவோம் என்றிருந்தார்கள். பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் பெட்டியைப் பார்ப்பேன். ஓய்வூதியர் சங்கக் கூட்டம் பற்றி இருக்கும், என் கணவரின் நண்பர்கள் அனுப்பிய ஜோக்குகள் இருக்கும். எனக்கென்று ஒன்றும் இருக்காது.

பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் நேரே ரயிலேறிக் கல்லூரிக்கே போனேன். அலுவலகத்தில் இருந்த பெண் என் பெயரைக் கேட்டு, கம்ப்யூட்டரில் தேடினார்.

"இன்டர்வியூ முடிஞ்சு போஸ்ட்டும் ஃபில் ஆயிடுச்சே மேடம். ஃபேமிலி ஃபங்ஷன், நீங்க வர முடியாதுன்னு உங்க ஹஸ்பண்டே மெயில் போட்டிருந்தாரே."

திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் கணவரின் முகவரியிலிருந்து, 'மேற்படி நபர் குடும்ப நிகழ்ச்சி காரணமாகக் கலந்துகொள்ள இயலாத நிலையில் உள்ளார்' என்று ஆங்கிலத்தில். அந்த 'மேற்படி' யாருடையது என்று எனக்குத் தெரியாதா? அந்த மென்பொருளில் யாருக்கு வந்த கடிதத்துக்கு யார் பதில் எழுதினாலும் முதலில் சேர்த்த முகவரியிலிருந்துதான் போகும். முதலில் சேர்த்தது என் கணவருடையது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். மாமனார் பேப்பரை மடித்துக்கூட வைக்கவில்லை.

"ஆமாம்மா, நான்தான் டிஸ்போஸ் பண்ணேன். அன்னைக்கு வளைகாப்பு இல்லியா? சும்மா போகாம இருந்தா நல்லா இருக்காது. அதான் மரியாதையா முன்கூட்டியே சொல்லிட்டேன்."

நாத்தனாரின் வளைகாப்பு. பொத்தேரியில் என் இடத்துக்கு வேறு யாரையோ நேர்முகம் செய்துகொண்டிருந்த அன்று, நான் பந்தியில் புளிசாதம் பரிமாறிக்கொண்டிருந்தேன். சாதம் உதிரியாக வந்திருக்கிறது என்று எல்லாரும் பாராட்டினார்கள், நானும் சிரித்தேன்.

"அப்பா தெரியாம பண்ணிட்டாரு, விடு" என்றார் என் கணவர். தெரியாமலா? முழுக்கப் படித்து, தேதியைச் சரிபார்த்து, அழகாகப் பதில் எழுதிவிட்டுத்தானே அழித்தார்? கல்லூரிக்காரர்கள் மட்டும் என்ன உசத்தி? விண்ணப்பித்தவள் நான், வரமாட்டாள் என்று எழுதியது வேறொருவர். அவளையே ஒரு வார்த்தை கேட்போம் என்று அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. புருஷன் சொல்லிவிட்டான், அது போதும் அவர்களுக்கு.

அன்று சாயங்காலமே அந்த சி.டி.யைத் தேடி எடுத்தேன். ஹாலில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் முதலில் கேட்ட மென்பொருளைப் போட்டு, என் முகவரியை அதற்கு மாற்றி, பாஸ்வேர்டும் வைத்தேன். யாரும் தடுக்க வரவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை மாமனார் வழக்கம்போலத் தபால் பார்க்க உட்கார்ந்தார். மேலும் கீழும் தேடினார். பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நிஜமான கவலைதான் இருந்தது.

"அப்போ உனக்கு வர்ற தபாலை யாரும்மா பார்ப்பா?"

"நான் பார்ப்பேன் மாமா."