லிந்துலைக்கு எலிகளோடு போன பயணம்

இலங்கை மலையகத்து லிந்துலைக்குப் போக வழி கேட்டுச் சிலர் எழுதியிருக்கிறீர்கள். நான் போனது அறுபதுகளின் தொடக்கத்தில், மாசிக் குளிரில், இரண்டு கூடை வெள்ளெலிகளோடு. ஊர் சுற்றப் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொழும்பில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் அப்போதுதான் புதிதாக வந்திருந்தன. பக்கத்தில் காந்தம் இருந்தால் அந்த மருந்தின் வேகம் எலிகளிடம் குறையுமா என்று எங்கள் டாக்டருக்கு ஒரு கேள்வி. நகரத்து மின்கம்பிகள் சோதனையைக் கெடுக்குமாம். அதனால் லிந்துலைத் தேயிலைத் தோட்டமொன்றில் மின்சாரமே இல்லாத பழைய பங்களாவைப் பிடித்தார்.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் காலை ரயில். ரயில் கார்டு மூக்கைப் பொத்திக்கொண்டு எலிகளைக் கடைசிப் பெட்டிக்கு அனுப்பினார், கூடவே என்னையும். றொசல்ல நிலையம் தாண்டியதும் மூடுபனி உள்ளே வந்தது. என் கம்பளியைக் கூடைகளுக்குப் போர்த்திவிட்டு நான் நடுங்கினேன். தலவாக்கலையில் இறங்கி டாக்டரும் நானும் நாலு மைல் தோட்டத்து லொறியில் போனோம்.

எலிகளைப் பார்த்துக்கொள்ள மாரியாயி என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணை வைத்தார்கள். இரண்டு கூடுகளுக்கும் ஒரே மருந்து. ஒரு கூட்டின் அடியில் மட்டும் காந்தக் கட்டை. வெளியே எடுத்து ஒரு பெரிய தட்டில் விட்டால், பயந்த எலி ஓரத்திலேயே பம்மும், மருந்து ஏறியது நடுவுக்கு வரும். காந்தமில்லாத கூட்டு எலிகளாவது நடுவுக்கு வந்திருக்க வேண்டும்; ஒரு வாரமாக இரண்டு கூட்டு எலிகளும் ஓரத்திலேயே பம்மின. டாக்டர் எரிச்சலில் வைக்கோலைக் கிளறினால், காந்தமில்லாத கூட்டுக்கு அடியிலும் ஒரு காந்தக் கட்டை! தேயிலைத் தூளில் கிடக்கும் ஆணி, கம்பியை இழுத்தெடுக்க ஃபெக்டரியில் வைத்திருப்பார்களே, அதில் கழித்துப் போட்டது. மாரியாயியின் புருஷன் செல்லமுத்துவுக்கு அங்கேதான் வேலை.

“அந்தக் கூட்டுக்கு மட்டும் இரும்பு வச்சிருந்தீங்க. இதுங்களும் பயந்துதானேங்க கெடந்துச்சு. புள்ள பெத்தவ தலமாட்டுல வைக்கிறாப்புல வச்சேன்” என்றாள் மாரியாயி.

பயம் அண்டாமல் இரும்பு வைப்பது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லோரும் செய்வதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டருக்கு வரவில்லை. ஃபெக்டரிச் சாமான் திருட்டு என்று தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொன்னார். குப்பையில் கிடந்த இரும்பு என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நம் வேலை எலியோடு மட்டும்தான் என்றார், படித்த மனுஷன். துரை செல்லமுத்துவுக்கு ஆளை நிறுத்தும் பத்துச்சீட்டைக் கொடுத்துவிட்டார். வேலையும் போச்சு, லயத்து அறையும் போச்சு. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று ஓட்டும் குடியுரிமையும் பறிக்கப்பட்ட சனம், யாரிடம் போய் முறையிடும்?

போகிறவர்கள் கம்பளியை மறக்காதீர்கள். தோட்டத்துக்குள் தங்க முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். திரும்பும் ரயில் பிந்தினால் தலவாக்கலை பிளாட்பாரத்தில் காற்று எலும்பைத் துளைக்கும். நாங்கள் திரும்பிய அன்றும் ரயில் பிந்தியது. சட்டிபானைகளோடு மாரியாயியும் அங்கே நின்றாள். ஹட்டன் பக்கம் தெரிந்தவர்கள் யாராவது சேர்த்துக்கொள்வார்களா என்று பார்க்கப் போகிறார்களாம். செல்லமுத்து தரையில் குந்தியிருந்தான்.

அவள் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: “ஐயா, பயம் போக எலிக்குக் குடுத்த மாத்திரையில ஒன்னு இருந்தாக் குடுங்களேன். இவரு ராவுல கண்ணே மூடுறதில்லீங்க. பயத்துல ஒடம்பு ஒதறுது.”

மருந்துப் பெட்டிச் சாவி டாக்டரிடம் இருந்தது. போய்க் கேட்டேன். அது எலிகளுக்குரியது என்று சொல்லிவிட்டு அவர் ரயிலேறினார்.