நெட்டு நுழையாத சுவர்கள்

வீடு வீடாக வை-ஃபை மாட்டும் வேலையில் ஒயரைவிட வாய்தான் அதிகம் தேய்கிறது. ஒற்றைக் கோடு சிக்னலுக்காகப் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அலையும் சக பாவிகளே, இதில் சிரிக்க ஓரிடம் உண்டு, ஆனால் அவசரப்படாதீர்கள். முதலில் என் நிலைமை. பிளஸ் டூ முடித்துச் சேர்ந்த முதல் நாளே, திருப்போரூரில் கடை வைத்திருக்கும் எங்கள் முதலாளி காதர் பாய் சொன்னது (அவர் வழக்கப்படி தொண்டையை இரண்டு தடவை கனைத்துவிட்டுப் படிக்கவும்): "ஒரே வூட்லேர்ந்து நாலு தபா கம்ப்ளெயின்ட் வந்துச்சுன்னா, வேற வேல பாத்துக்க தம்பி."

பட்டுப்புடவை நடுவே

கேளம்பாக்கத்தில் ஓர் அக்கா வீடு. ஹாலில்கூட நெட் இல்லை. ரவுட்டரைத் தேடினால், இரும்பு பீரோவுக்குள் புடவைகளுக்கு நடுவே பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு ஒயர் விட்டிருந்தார்கள். இரும்பைத் தாண்டி சிக்னல் வராது என்று கால் மணி நேரம் விளக்கினேன். அக்கா மூக்கால் பேசுபவர்.

"வெளிய வெச்சு எவனாவது தூக்கினு போய்ட்டா, நீயா வந்து குடுப்ப?"

மீன் தொட்டி

மாமல்லபுரத்தில் அறைகள் வாடகைக்கு விடும் அண்ணாத்த ஒருவர், ரவுட்டருக்கு முன்னால் ஆளுயர மீன் தொட்டி வைத்திருந்தார். தண்ணீரும் சிக்னலை விழுங்கும் என்றேன். தொட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"அதான் ரெண்டு நாளா மீனுங்க மந்தமா கீதா?"

முதலாளி லைனில்

திருக்கழுக்குன்றத்தில் லாரி ஓட்டி ஓய்ந்த ஒரு நைனா. பழைய வீடு, நடுச்சுவர் ஒரு முழக் கனம். ரவுட்டர் முன்னறையில், மகள் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பது பின்னறையில். மூன்று கம்ப்ளெயின்ட் வந்தாகிவிட்டது. பின்னறை வாசலை ஒட்டிய நடைக்கு மாற்றினால் தீர்ந்துவிடும்; ஒயரைக்கூட நீட்டி வைத்துவிட்டேன். ஆனால் வாஸ்து பார்த்துத் தென்மேற்கு மூலையில் வைத்ததாம். "உன் பேச்ச கேட்டு நகத்த மாட்டேன். உங்க பாய் சொல்லட்டும்." பாயோ போனை எடுக்கவில்லை.

"சிக்னல் பாத்துட்டு வரேன்" என்று பின்னறைக்குப் போனேன். நைனாவிடம் என் நம்பர் கிடையாது; என் போனிலிருந்தே அவருக்கு அடித்தேன். இரண்டு கனைப்பு. "அண்ணாத்த, காதர் பாய் பேசறேன். பையன் சொல்றா மாரி நடைல வெச்சுப் பாருங்க." குரலுக்கு உடனே மரியாதை. "சரிங்க பாய், இதோ." நான் விடவில்லை, அவர் உடம்பை விசாரித்தேன், பேத்தியை விசாரித்தேன். ரவுட்டரை நடை அலமாரியில் வைத்து ஒயரைச் செருகியவர், காதில் போனோடு பின்னறை வாசலில் வந்து நின்றார்.

"இன்னாடா, நெட்டு வராத செவுத்துல உங்க பாய் மட்டும் எப்டி வராரு?"

சிக்னல் வந்தது, என் வேலையும் தப்பியது. ஆனால் அந்த வீட்டில் இப்போது காதர் பாயே போன் செய்தாலும், "டேய், போதும் வை" என்கிறார்களாம்.